தேர்க்காலும் மனித மனமும்

பசுவின் கன்றொன்று தேர்க்காலில் அகப்பட்டு இறந்த கதையை அறியாத தமிழ் மாணவர் இரார். திருவாரூரில் நிகழ்ந்த மனுநீதிச் சோழன் வரலாறாகப் பெரியபுராணம் அதனைக் கூறும்; அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன் வரலாறாக மகாவம்சம் அதனைக் கூறும். இரண்டிலும் அரசகுமாரன் தேரூர்ந்து செல்கின்றான். கன்று சில்லின்கீழ் மடிகின்றது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கின்றது. மன்னன் தன் மைந்தனின் உயிரையே அதற்கு ஈடாகக் கொள்கின்றான். நீதிக்கு இலக்கணமாக இக்கதையைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருகின்றோம். போற்றத்தக்கதே அது.

ஆயினும், போக்குவரத்து உளவியல் கற்ற ஒருவர் அவ்வரசவையில் இருந்திருப்பாராயின், தீர்ப்புக்கு முன்னர்ச் சில வினாக்களை எழுப்பியிருப்பார். பெரியபுராணக் கதையிலே கன்று துள்ளிவந்து தேர்க்காலிற் பாய்ந்தது. மகாவம்சக் கதையிலே அது தாயுடன் வீதியிற் படுத்திருந்தது. இவை இரண்டும் ஒரே தன்மையான விபத்துக்கள் அல்ல. குமாரன் கன்றைக் கண்டானா? கண்டும் நிறுத்த இயலாதிருந்தானா? தேர் எத்துணை விரைவிற் சென்றது? சூழவந்த பரிவாரத்தின் ஆரவாரம் அவன் கவனத்தைச் சிதைத்ததா? இவற்றுக்கு விடை காணாமல் ஒருவனைத் தண்டிப்பதனால் அடுத்த கன்றைக் காப்பாற்ற முடியுமா?

இவ்வினா இன்று நமக்குப் புராண வினாவன்று. 2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்றுகொண்டிருந்த பஸ் வண்டியொன்று கொத்மலை, கெரண்டி எல்ல என்னுமிடத்திற் பள்ளத்தில் வீழ்ந்தது. 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் பள்ளத்தில் வீழ, 15 உயிர்கள் பலியாயின. ஒவ்வொரு முறையும் நாம் கேட்டுப் பழகிய பேச்சுக்களே மீண்டும் எழுந்தன. சாரதியே குற்றவாளி என்றனர் சிலர். வண்டி பழையது என்றனர் சிலர். வீதி ஒடுங்கியது என்றனர் வேறு சிலர். எல்லாம் விதி என்று பெருமூச்செறிந்தோரும் உளர். சில நாட்களில் எல்லாம் அடங்கிற்று.

அடங்கக்கூடிய அளவினதா இத்துன்பம்? இலங்கையில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 38,000 வீதி விபத்துக்கள் நிகழ்கின்றன என்றும், ஏறத்தாழ 3,000 பேர் மாள 8,000 பேர் கடுங்காயம் அடைகின்றனர் என்றும் உலக வங்கி 2020இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. நாளொன்றுக்கு எட்டுப் பேர் என்பது இதன் பொருள். உலக முழுவதிலும் 2021இல் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதிகளில் மாண்டனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரைக் கொல்லும் காரணங்களுள் முதலாவது எந்தக் கொள்ளைநோயுமன்று, வீதி விபத்தே. அம்மரணங்களில் நூற்றுக்கு 92 பங்கு நம்முடையவை போன்ற நடுத்தர, குறைந்த வருவாய் நாடுகளில் நிகழ்கின்றது. உலக வாகனங்களிலோ ஏறத்தாழ 60 பங்கே இந்நாடுகளில் ஓடுகின்றன.

இத்தகைய ஒரு துறையில் மனித மனத்தை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட அறிஞர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உழைத்து வருகின்றனர். அவர்களின் அறிவு நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அவ்வறிவு யாது, அது எவ்வாறு வளர்ந்தது, அதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது என்பனவற்றைச் சிறிது நோக்குவோம்.

குற்றவாளியைத் தேடிய காலம்

ஜெர்மனியிற் பிறந்து, அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் உளவியற் பேராசிரியராக விளங்கியவர் ஹியூகோ மூன்ஸ்ரர்பேர்க். பொஸ்ரன் நகரின் மின்சார டிராம் வண்டிகள் மக்களை மோதுவதைத் தடுக்க வழி உண்டா என்பதை இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் ஆராயப் புகுந்தார். கண்பார்வையும் கைவிரைவும் உடையவன் நல்ல சாரதியாவான் என்பது அக்காலக் கருத்து. அவரோ வேறொன்றைக் கண்டார். வீதியில் ஒரே வேளையில் நடப்போரும், குதிரை வண்டிகளும், மோட்டார் வண்டிகளும் வெவ்வேறு விரைவிற் செல்கின்றனர். அவர்களுள் எவர் அடுத்த கணத்தில் தண்டவாளத்திற்கு வந்து சேர்வார் என்பதை முன்கூட்டி உணர்ந்து, ஏனையோரைப் புறக்கணிக்கும் கவனமே டிராம் சாரதிக்கு வேண்டியது என்றார் அவர். அதனை அளக்கச் சதுரங்கள் வரைந்த அட்டைகளை அமைத்தார். அவற்றில் 1 என்ற இலக்கம் நடப்போரையும், 2 குதிரை வண்டியையும், 3 மோட்டார் வண்டியையும் குறித்தன. தண்டவாளத்தை அணுகும் ஆபத்தான இலக்கங்களை மட்டும் சாரதி விரைந்து கூறுதல் வேண்டும். 1913இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது தொழில் உளவியல் நூலில் இச்சோதனை விரிவாகக் கூறப்பட்டுள்ளது. முதல் உலகப் போரின்போது, 1915 முதலாக, ஜெர்மானிய இராணுவம் தன் மோட்டார் சாரதிகளை இவ்வகைச் சோதனைகளாலேயே தேர்ந்தெடுத்தது.

இவற்றின் அடியிலிருந்த எண்ணம் எளியது. தகுதியற்றவனைக் கண்டுபிடித்து விலக்கிவிட்டால் விபத்துக் குறையும் என்பதே அது. இவ்வெண்ணத்திற்கு 1919இல் ஒரு வலுவான ஆதாரம் கிடைத்தது போலத் தோன்றிற்று. பிரித்தானிய வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் நிகழ்ந்த விபத்துக்களை ஆராய்ந்த கிறீன்வூட், வூட்ஸ் என்னும் இருவர், தொழிலாளருள் ஒரு சிலருக்கே விபத்துக்கள் மீண்டும் மீண்டும் நேர்கின்றன எனக் கண்டனர். 1926இல் பார்மர், சேம்பர்ஸ் என்போர் இவ்வியல்பைக் குறிக்க ஒரு தொடரையும் வழங்கினர்; விபத்துக்கு ஆளாகும் இயல்பு என அதனைத் தமிழிற் கூறலாம். 1949இல் கனடாவில் வாடகைக்கார் சாரதிகளை ஆராய்ந்த இரு மருத்துவர்கள், ஒருவன் வாழும் விதத்திலேயே வண்டியும் செலுத்துகின்றான் என்ற கருத்தை நிலைநாட்ட முயன்றனர்.

கேட்பதற்கு இனியது இக்கருத்து. நம்மைப் போன்ற நல்லவர் ஒரு பக்கம், விபத்து விளைவிக்கும் தீயவர் மறுபக்கம் எனப் பிரித்துவிட்டால் மனம் அமைதி பெறும். ஆனால் இதனுள் ஒரு கணக்கு வழு ஒளிந்திருந்தது. ஆசிரியர்கள் வகுப்பிலேயே இதனைச் செய்து காட்டலாம். நூறு சதுரங்கள் கொண்ட ஒரு பலகையின்மேல் நூறு நெல்மணிகளைக் கண்ணை மூடிக்கொண்டு தூவுங்கள். ஏறத்தாழ 37 சதுரங்களில் ஒரு மணியும் வீழாது. 37 சதுரங்களில் ஒவ்வொன்று வீழும். எஞ்சிய 26 சதுரங்களில் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து 63 மணிகள் கிடக்கும். நெல்லைக் கவரும் இயல்பு அந்த 26 சதுரங்களுக்கு உண்டோ? இல்லை. தற்செயலே இவ்வாறு பங்கிடும். நூறு சாரதிகளுக்கு நூறு விபத்துக்கள் நேர்ந்தால், அவர்கள் அனைவரும் ஒரே தன்மையினராயினும், நாலில் ஒரு பங்கினருக்கு மூன்றில் இரு பங்கு விபத்துக்கள் சேர்வது இயல்பே. அடுத்த ஆண்டு நெல்லைத் தூவினால் வேறு சதுரங்கள் நிறையும். மேலும், இரவெல்லாம் வண்டி ஓட்டுபவனையும் ஞாயிறு தோறும் கோயிலுக்கு மட்டும் ஓட்டிச் செல்பவனையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது.

குணவேறுபாடே இல்லை என்று எவரும் கூறவில்லை. குடித்துவிட்டு ஓட்டுபவன் ஆபத்தானவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தகையோரை விலக்கிவிட்ட பின்னரும் பெரும்பாலான விபத்துக்கள் எஞ்சியிருக்கும் என்பதே ஆய்வு கூறும் உண்மை. அவை சாதாரண மனிதருக்குச் சாதாரண நாட்களில் நேர்பவை.

சாரதியின் முன்னே விரியும் வெளி

ஆகவே ஆராய்ச்சி திசை மாறிற்று. யார் ஓட்டுகின்றான் என்பதை விடுத்து, ஓட்டும்போது மனம் யாது செய்கின்றது என்பதை ஆராயத் தலைப்பட்டனர். அமெரிக்க உளவியலாளர் கிப்சன், குறூக்ஸ் என்னும் இருவர் 1938இல் எழுதிய கட்டுரை இவ்வழியில் முதற் படியாகும். சாரதியின் முன்னே, வீதியின்மீது நீட்டிய நாவைப் போன்று, தடையின்றிச் செல்லத்தக்க ஒரு வெளி எப்பொழுதும் விரிந்து கிடக்கின்றது. எதிரே வண்டி வந்தால் அது சுருங்கும். வீதி அகன்றால் அதுவும் அகலும். சுக்கானைப் பிடித்தவன் அவ்வெளியின் நடுவே தன்னை வைத்துக்கொள்ள முயல்கின்றான் என்றனர் அவர்கள். இக்காட்சியிலிருந்து ஒரு முடிவும் பிறந்தது. வண்டிக்கு நல்ல பிறேக் பூட்டினால் மட்டும் பாதுகாப்புக் கூடிவிடாது; குறுகிய தூரத்தில் நிறுத்தலாம் என்று அறிந்த சாரதி, முன்னே செல்லும் வண்டியை மேலும் நெருங்கவும் கூடும்.

பிற்காலத்தில் இதனை மேலும் வளர்த்தவர் கனடாவின் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் வைல்ட். ஒவ்வொருவரும் தமக்கு ஒத்த ஓரளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டே வாழ்கின்றனர். ஒரு பக்கம் ஆபத்தைக் குறைத்தால் மறுபக்கம் விரைவைக் கூட்டி ஈடு செய்கின்றனர் என 1982இல் அவர் வாதிட்டார். மியூனிச் நகரில் வாடகைக் கார்கள் சிலவற்றுக்குச் சில்லுகள் இறுகி வழுக்காத புதுவகைப் பிறேக்குகளைப் பூட்டிப் பார்த்தபோது, அவற்றின் விபத்துக்கள் குறையவில்லை; அவற்றின் சாரதிகள் வளைவுகளை முன்னிலும் கடுமையாகத் திருப்பினர். ஆயினும் வைல்டின் கொள்கையை முழுவதும் ஏற்பார் சிலரே. ஆசனப் பட்டி கட்டாயமாக்கப்பட்ட நாடுகளில் மரணங்கள் குறைந்தது மறுக்க இயலாத உண்மை. சாரதி தான் உணரும் மாற்றத்துக்கு ஈடு செய்கின்றான். உணராத மாற்றத்துக்கு அவ்வாறு செய்வதில்லை என்பது பொதுவாக ஏற்கத்தக்க முடிவு.

இதனை ஒரு நாடு முழுவதும் நாடகமாக நடித்துக் காட்டியதும் உண்டு. சுவீடன் மக்கள் நம்மைப் போலவே வீதியின் இடப்பக்கத்தில் ஓட்டி வந்தனர். வலப்பக்கத்துக்கு மாறலாமா என 1955இல் வாக்கெடுத்தபோது நூற்றுக்கு 80க்கும் மேற்பட்டோர் மறுத்தனர். ஆயினும் பாராளுமன்றம் 1963இல் மாற்றத்தைத் தீர்மானித்தது. 1967ஆம் ஆண்டு செப்டெம்பர் 3ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணிக்கு, நாடு முழுவதும் வண்டிகள் நின்று, பக்கம் மாறி, மீண்டும் ஓடின. பெரும் அழிவு நேருமென அஞ்சியோர் வியப்புற்றனர். விபத்துக்கள் முன்னிலும் குறைந்தன! எல்லோரும் பழக்கமற்ற வீதியில் அஞ்சி அஞ்சி ஓட்டியதே காரணம். அச்சம் தெளியத் தெளிய விபத்துக்களும் ஏறின. இரண்டு ஆண்டுகளுள் பழைய அளவை எய்தின. மனிதன் ஆபத்தைவிடத் தான் உணரும் ஆபத்துக்கே அஞ்சுகின்றான் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வழுவும் மீறலும்

இனி, பிழை என்னும் ஒரு சொல்லால் நாம் குறிப்பவற்றை ஆய்வாளர் இரண்டாகப் பிரித்ததைக் காண்போம். மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் றீசனும் அவர் துணைவர்களும் 520 சாரதிகளை வினாவி, 1990இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பின்னே வரும் வண்டியைக் கவனியாது திருப்புதல், வழியை மறந்து வேறு வீதியிற் செல்லுதல் போன்றவை வழுக்கள். சிவப்பு விளக்கைத் தெரிந்தே கடத்தல், எல்லையை மீறி விரைதல் போன்றவை மீறல்கள். இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து முளைப்பவை. வழு கண்ணிலும் கவனத்திலும் பிறப்பது. யானைக்கும் அடி சறுக்கும் என்னும் பழமொழி அதனைக் குறிக்கும். மீறலோ விருப்பத்திலும் வழக்கத்திலும் சுற்றத்தாரின் எதிர்பார்ப்பிலும் பிறப்பது. வழுவைப் பயிற்சியாலும் வீதியமைப்பாலும் குறைக்கலாம். மீறலைக் குறைக்க அதற்கு ஊக்கமளிப்பது யாது என்று தேடுதல் வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி ஒரே தண்டத்தொகையை விதிப்பது, காய்ச்சலுக்கும் கைமுறிவுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பதை ஒக்கும்.

தண்டனையும் பயனற்றதன்று; ஆனால் அதன் கடுமையிலும் அதன் நிச்சயமே மனத்தைத் தாக்குகின்றது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் எவரையும் எவ்விடத்திலும் நிறுத்திச் சுவாசத்தைச் சோதிக்கும் முறையைக் கொணர்ந்து, அதனை ஊரறிய நடத்தியது. வீதி மரணங்கள் விரைவிற் குறைந்தன. அகப்படுவோம் என்ற எண்ணம் வேலை செய்தது.

அறிவுரையின் எல்லையையும் இங்குக் கூறுதல் தகும். 1981இல் சுவென்சன் என்னும் சுவீடன் நாட்டவர் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவருள் நூற்றுக்கு 93 பேரும் சுவீடன் மாணவருள் 69 பேரும், வண்டி ஓட்டுந் திறமையில் தாம் மேற்பாதியைச் சேர்ந்தவர் என்று கூறினர். மேற்பாதியில் 50 பேருக்கு மேல் இருத்தல் இயலாது. 'கவனமாக ஓட்டுங்கள்' என்று வீதியோரத்தில் எழுதிவைத்தால், அதைப் படிக்கும் ஒவ்வொருவரும் அது மற்றவனுக்கு எழுதப்பட்டது என்றே எண்ணுவர். கைத்தொலைபேசியின் நிலையும் இதுவே. ரொறன்ரோ நகரில் 699 சாரதிகளின் தொலைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து 1997இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பேசும் வேளையில் விபத்து நேரும் வாய்ப்பு நான்கு மடங்காகும் எனக் காட்டியது. கையிற் பிடிக்காது பேசும் கருவிகளும் மேலானவையாகத் தோன்றவில்லை. கை ஓய்ந்திருந்தாலும் மனம் ஓய்ந்திருக்கவில்லை. கண் நோக்கும் பொருளை மனம் காணாதுபோகும் என்பது நம் சாரதிகள் அனைவரும் அறிய வேண்டிய உண்மை.

மன்னிக்கும் வீதி

இவ்வாறு திரண்ட அறிவின் பயனாக, 1997இல் சுவீடன் பாராளுமன்றம் ஒரு புதிய கொள்கையை ஏற்றது. வீதியில் ஒருவரும் மாளவோ கடுங்காயம் அடையவோ கூடாது என்பதே இலக்கு. சுன்ன இலக்கு என அது வழங்கும். அதன் அடிப்படை, மனிதன் வழுவுவான் என்பதை ஒப்புக்கொள்ளுதல். வழுவியவனுக்கு மரணம் தண்டனையாகாதபடி வீதியை அமைப்பது, அதனை அமைப்போரின் கடமை. எதிரெதிரே வரும் வண்டிகளுக்கிடையே கம்பிவடத் தடுப்புக்கள் நாட்டினர், சந்திகளைச் சுற்றுவட்டங்களாக்கினர், மக்கள் நடமாடும் இடங்களில் விரைவைக் குறைத்தனர். சராசரி விரைவு நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர் கொல்லும் விபத்துக்கள் நூற்றுக்கு நான்கு கூடும் என்ற கணக்கு அவர்களுக்கு வழிகாட்டிற்று. 1997இல் அந்நாட்டு வீதிகளில் 541 பேர் மாண்டனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை 200ஐச் சற்றே கடந்து நிற்கின்றது. இலக்கு எய்தப்படவில்லை. எனினும் ஆண்டுதோறும் முந்நூறு குடும்பங்கள் துக்கத்தினின்றும் தப்பியுள்ளன.

தொழிலாகக் கொள்வோர்

இத்துறையைக் கற்றவர் செய்யும் பணி யாது என மாணவர் வினாவுதல் இயல்பு. நாட்டுக்கு நாடு அது வேறுபடும். ஜெர்மனியிலே 1950களில் தொடங்கிய ஒரு முறை இன்றும் நிலவுகின்றது. இரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.6 பங்கு மதுசாரத்துடன் ஓட்டி அகப்பட்டவரும், குற்றப்புள்ளிகள் 8 சேர்ந்து அனுமதிப்பத்திரத்தை இழந்தவரும், அதனை மீளப் பெற மருத்துவரும் உளவியலாளரும் நடத்தும் பரிசோதனைக்கு உட்படல் வேண்டும். சாரதி தன் நடத்தையை உண்மையில் மாற்றிக்கொண்டாரா, அன்றி மாற்றியது போல நடிக்கின்றாரா எனக் காண்பது அங்கே உளவியலாளரின் பணி. அதற்கு முன்னர் அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆலோசனை கூறி வழிப்படுத்துவோரும் உளவியலாளரே. பிறேசிலில் அனுமதிப்பத்திரம் முதன்முறை கோருவோர் உளவியற் பரிசோதனைக்கு உட்படுகின்றனர். போக்குவரத்து உளவியல் அங்கே தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டுள்ளது. ஸ்பெயினிலும் இத்தகைய பரிசோதனை உண்டு.

ஆராய்ச்சியை நாடுவோருக்கு வேறு களங்கள் உள. சுவீடனில் லின்செப்பிங் நகரிலுள்ள அரச வீதி ஆராய்ச்சி நிலையம், இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகம், நெதர்லாந்தில் குறோனிங்கன் பல்கலைக்கழகம், ஜெர்மனியில் டிறெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மெல்பேணில் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் விபத்து ஆராய்ச்சி நிலையம் என்பன பேர்பெற்றவை. அறையொன்றில் காரை நிறுத்தி, சுற்றிலும் திரையில் வீதியை ஓடவிட்டு, சாரதியின் கண்ணசைவை அளக்கும் செயற்கை ஓட்டக் கருவிகள் அங்கு உண்டு. இத்துறைக்கே உரிய சர்வதேச ஆய்விதழொன்று 1998 முதல் வெளிவருகின்றது.

தானே ஓடும் வண்டிகள் வந்துவிட்டால் இவர்களுக்கு வேலை இராது என்பார் சிலர். நிகழ்ந்தது அதற்கு மாறானது. 2018 மார்ச் மாதம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சோதனைக்காக ஓடிய அத்தகைய வண்டியொன்று வீதியைக் கடந்த பெண்ணொருவரை மோதிக் கொன்றது. வண்டியைக் கண்காணிக்க அமர்ந்திருந்தவரின் பார்வை அவ்வேளையில் வீதியில் இருக்கவில்லை என விசாரணை கண்டது. ஒன்றுஞ் செய்யாது நெடுநேரம் விழிப்புடன் இருத்தல் மனிதனுக்கு அரிது என்பதை உளவியலாளர் பல பத்தாண்டுகளாகக் கூறி வந்துள்ளனர்.

இத்துறையிற் புக விரும்புவோருக்கு உளவியற் பட்டம் வேண்டும். அதனோடு புள்ளிவிபரவியலில் உறுதியான பயிற்சியும் வேண்டும். முன்னே கூறிய நெல்மணிக் கணக்கை உணராதவர் இங்கு ஓர் அடியும் எடுத்து வைத்தல் இயலாது. இது பெருஞ்செல்வம் ஈட்டித் தரும் தொழிலன்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

நமக்கு எழும் வினா

நம் நாட்டின் நிலைக்கு வருவோம். 2005 ஏப்ரல் 27ஆந் திகதி பொல்காவலைக்கு அண்மையிலுள்ள புகையிரதக் கடவையில் பஸ்ஸொன்று புகையிரதத்தில் மோதுண்டு 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மற்றொரு பஸ்ஸுடன் போட்டியிட்டு ஓடியதே அதற்கு முன்னோடி. இதனைச் சாரதியின் கொடுமை என்று கூறி முடித்துவிடலாம். ஆனால் றீசனின் பகுப்பைக் கையிற் கொண்டு நோக்கினால், இது வழுவன்று, மீறல் என்பது புலனாகும். மீறலுக்கு ஊக்கமளிப்பது யாது என்ற வினா உடனே எழும். அன்றைய வசூலிலிருந்தே கூலி பெறும் சாரதிக்கும் நடத்துனருக்கும், அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும் பிரயாணிகளே அன்றைய சோறு. முன்னே செல்பவன் அவர்களை ஏற்றிவிட்டால் பின்னே வருபவனுக்கு ஒன்றுமில்லை. மாதச் சம்பளம் பெறும் ஆசிரியர் ஒருவரை அந்த ஆசனத்தில் அமர்த்தி, அதே கூலி முறையைக் கொடுத்தால், ஆறு மாதத்தில் அவரும் போட்டியிட்டு ஓடுவார் என்றே நான் எண்ணுகின்றேன். சாரதியைச் சிறையிலிட்டு அம்முறையைத் தொடர்வோமாயின், அவ்வாசனத்துக்கு இன்னொருவன் வருவான், வீதி மாறாது.

வடபகுதிக்கு மற்றொரு செய்தி. 1990இல் நின்றுபோன புகையிரதம் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை மீண்டும் வந்தடைந்தது. இடையில் ஒரு தலைமுறை புகையிரதத்தைக் காணாமலே வளர்ந்துவிட்டது. காவலற்ற கடவைகளில் உயிர்கள் பலியானபோது, கண்ணில்லையா, காதில்லையா என்று பலர் ஏசினர். கண் இருந்தது, அது ஏமாற்றிற்று. பருத்த பொருள் சிறிய பொருளிலும் மெதுவாக நகர்வது போல மனிதக் கண்ணுக்குத் தோற்றும் என்பதை அமெரிக்க உளவியலாளர் லைபோவிட்ஸ் 1985இல் எடுத்துக்காட்டிப் புகையிரதக் கடவை விபத்துக்களுக்கு விளக்கம் தந்தார். நேரே நம்மை நோக்கி வரும் புகையிரதம் நெடுநேரம் அசையாதது போலவே தோற்றி, இறுதிக் கணத்திற் பேருருவாக வளரும். இதனைப் பாடசாலையிற் பத்து நிமிடத்திற் கற்பிக்கலாம். கடவைக்கு வாயில் அமைக்கும்வரை, இவ்வறிவாவது பிள்ளைகளிடம் சேரவேண்டாமா?

நம் பல்கலைக்கழகங்களில் உளவியல் பயிலும் மாணவருக்கு ஆய்வுப் பொருள் வேண்டுமெனில், வாசலுக்கு வெளியே ஓடுகின்றது. முச்சக்கர வண்டிச் சாரதி எத்தனை மணி நேரம் உறங்குகின்றான்? இரவு முழுவதும் மலைவீதியில் ஓட்டும் பஸ் சாரதிக்கு விடியற்காலையில் விழிப்பு எந்நிலையில் இருக்கும்? வெள்ளைக் கோட்டுக் கடவையில் வண்டியை நிறுத்துபவன் யார், நிறுத்தாதவன் யார்? இவற்றுக்குப் பெரும் ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், சாரதிகளுடன் அவர்கள் மொழியில் அமர்ந்து பேசும் பொறுமையும் தொடக்கத்துக்குப் போதும். மேனாட்டு முடிவுகளை அப்படியே பெயர்த்து நடுதலும் தகாது. நம் வீதி பொஸ்ரன் வீதியுமன்று, சுவீடன் வீதியுமன்று.

எல்லாளனிடமே திரும்புவோம். அவனைப் பற்றி மகாவம்சம் கூறும் மற்றொரு விபத்தை நாம் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. சேதியகிரிக்குச் சென்று திரும்பும் வழியில், மன்னன் ஏறிவந்த தேரின் நுகமுனை தூபியொன்றில் மோதிக் கற்களைப் பெயர்த்துவிட்டது. அவன் அறிந்து செய்ததன்று. ஆயினும் மன்னன் தேரினின்றும் இறங்கி வீதியில் வீழ்ந்து, தன் தலையையும் தேர்ச்சில்லால் அரியுமாறு கூறினான். அமைச்சர்கள் அதற்கு இசையவில்லை. தூபியைச் செப்பனிடுதலே தக்கதென்றனர். பெயர்ந்த கற்கள் 15. அவற்றை மீளப் பதிப்பதற்கு அவன் 15,000 கஹாபணம் செலவிட்டான்.

ஒரே அரசன், ஒரே தேர்க்கால், இரு தீர்ப்புக்கள். முதலாவது தீர்ப்பை நாம் பாடப்புத்தகத்திற் படித்து மெய்சிலிர்க்கின்றோம். ஒவ்வொரு பஸ் விபத்தின் பின்னரும் அதனையே வேண்டி நிற்கின்றோம். இரண்டாவது தீர்ப்பில் எவரும் கண்ணீர் வடிப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கு ஒரு தூபி செப்பனிடப்பட்டது, அவ்வளவே. வீதியையும், கூலி முறையையும், கடவையையும் செப்பனிடுமாறு எடுத்துச் சொல்லும் அமைச்சர்கள் இன்று நமக்குத் தேவை. அவர்கள் நம் வகுப்பறைகளிலிருந்தே தோன்றுதல் வேண்டும்.